மொலாவே பிரிவின் பதினோரு பேர்

போஹோல் தீவின் வடகரையில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பின் கடைசிப் பிரிவுக்கு மொலாவே என்று பெயர். மரத்தின் பெயரை வைத்துவிட்டால் கடைசி என்பது தெரியாதாம்! அதில் பதினோரு பேருக்கு வாசிக்க வராது. வருடா வருடம் பாஸ் போட்டுத் தள்ளிவிட்டதில் பத்தாவது வரை வந்து சேர்ந்தவர்கள். தினமும் மதியம் ஒரு மணி நேரம் அவர்களுக்கு வாசிக்கச் சொல்லித் தரும் வேலை ஆசிரியை லுஸ்விமிண்டா சுமாலினோக்கின், சுருக்கமாக மிண்டாவின், தலையில் விழுந்தது.

முதல் நாள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். ரெய்னான்டே அதை மூடி வைத்தான். விடியுமுன் அப்பாவோடு படகில் போய் வலை இழுத்துவிட்டு வருகிறவன், பதினெட்டு வயது.

“மேம், எனக்கு மீசையே முளைச்சாச்சு. வாத்து குளத்துல நீந்துனா நீந்திட்டுப் போவுது, எனக்கென்ன?”

வகுப்பே சிரித்தது. மிண்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவன் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. மறுநாள் இருமல் மருந்துப் பாட்டில், நூடுல்ஸ் உறை, பக்கத்துத் தீவான செபுவுக்குப் போகும் கப்பல் டிக்கெட், போனில் வந்த புயல் எச்சரிக்கை என்று அள்ளிக்கொண்டு வந்தார். அன்றுதான் பதினோரு தலைகளும் நிமிர்ந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். என்ன என்று பார்க்காமலே பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு உரக்க வாசித்துக் காட்டினார்: சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் அத்தனையும் கழுவ முழு மனதோடு சம்மதிக்கிறோம்.

“ஐயையோ மேம்! வந்தவங்க பேர் எழுதுற தாள்னுல்ல நெனச்சோம்!”

“நான் அப்படிச் சொன்னேனா?”

கழுவத்தான் வைத்தார். தானும் வாளி தூக்கினார். முடிந்ததும் எல்லோருக்கும் வாழைப்பழம் பொரித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து, வாய்விட்டு வாசிக்காமல் எவரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது வகுப்பின் சட்டமானது.

வருடக் கடைசியில் தலைமை ஆசிரியர் கபஹுக் ஒரு நாள் வகுப்புக்கே வந்துவிட்டார்.

“மேம், இதுல ஒரு கையெழுத்து. கல்வி ஆபீஸ் ஜீப் வாசல்ல நிக்குது. உங்க பதவி உயர்வுக் கடிதமும் கூடவே போவுது.”

என்ன தாள் என்று மிண்டாவுக்குத் தெரியும்: ஒவ்வொரு பிரிவிலும் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. வாசிக்கத் தெரியாதவர் இல்லை என்று போய்விட்டால் அடுத்த வருடம் இந்த வகுப்பே இருக்காது. பதினோரு பேரையும் மறுபடி தள்ளிவிடுவார்கள். ஆனால் பதவி உயர்வுக்காக ஒன்பது வருடம் காத்திருந்தாயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் பேனாவைத் திறந்தார்.

“மேம், வாசிக்கலையே!” ரெய்னான்டே எழுந்துவிட்டான்.

“உக்காருடா,” என்றார் கபஹுக்.

“சட்டம்னா சட்டம்தான், சார். வாசிக்காமப் போட்டா மேம் கக்கூஸ் கழுவணும்.”

தாளை எடுத்து விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தான். வெளியே ஜீப் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. அவன் அவசரப்படவில்லை.

“மொலாவே பிரிவு... வாசிக்கத்... தெரியாத... மாணவர்கள்...” நின்றான். “முட்டை போட்டிருக்கு, மேம். அப்ப நாங்க பதினோரு பேரும் யாரு?”

“இப்ப நீயே வாசிச்சுட்டியே! அப்புறம் என்ன?” என்றார் கபஹுக்.

“இந்த ஒரு தாளுக்கே வேர்த்து ஊத்திருச்சு, சார். என்னையும் சேர்த்தே போடுங்க. அடுத்த வருஷமும் எங்களுக்கு இந்த வகுப்பு வேணும்.”

மிண்டாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூஜ்யத்தை அடித்தார், பதினொன்று என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார். கபஹுக் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் கூடவே போக வேண்டிய பதவி உயர்வுக் கடிதத்தை மட்டும் அனுப்பாமல் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

ரெய்னான்டே எட்டிப் பார்த்தான். “இது என்ன மேம்? இதையும் வாசிக்கட்டுமா?”

“வாசி,” என்றார் மிண்டா. “மெதுவாவே வாசி.”

வகுப்பு முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.