ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வரை நான் 'அழித்த' காலை

போனில் ஒருத்தர் நம்பரை அழித்தால் அந்த ஆளே செத்துப்போவார் என்று நம்புகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது. டேட்டாபேஸ் வேலையில் தலை நரைத்த பிறகும் ஒரு காலைப்பொழுது முழுக்க ஏறக்குறைய அப்படித்தான் நம்பினேன்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் எனக்கு அட்மின் வேலை. ஆபீஸ் சர்வர் இங்கே. லேப் சர்வர் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டில். அங்கே டெஸ்ட் ரிசல்ட் ஏறினால்தான் இங்கே லாரி கேட்டைத் தாண்டும். இரண்டையும் இணைக்க எங்கள் டேட்டாபேஸுக்குள் 'ஃபாரின் சர்வர்' என்று ஒன்று உண்டு. பேர்தான் ஃபாரின், பஸ் ஏறினால் அரை மணி நேரம். கூடவே 'யூசர் மேப்பிங்'. இங்குள்ள யூசர் அங்கே எந்தப் பெயரில், எந்தப் பாஸ்வேர்டில் உள்ளே போகலாம் என்கிற ஏற்பாடு அது.

இதையெல்லாம் அமைத்த முருகேசன் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். முதலாளி கூப்பிட்டார்.

"முருகேசன் இனிமே நம்ம லேப் சர்வரை எட்டிக்கூடப் பாக்கக்கூடாது. லாரி கெளம்புறதுக்குள்ள முடிச்சிருவீரா?"

"ஒரே வரி சார்" என்றேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும்.

முருகேசன் யூசரை டிராப் பண்ணினேன், அதாவது அழிக்கப் பார்த்தேன். முடியாது என்றது டேட்டாபேஸ். அவன் பெயரில் சொத்து இருக்கிறதாம். REASSIGN OWNED போட்டு அதைக் கம்பெனி பெயருக்கு மாற்றிவிட்டு அப்புறம் டிராப் பண்ண வேண்டும். நான் அவசரத்தில், அவன் சொத்தையே அழிக்கும் DROP OWNED போட்டு, வாலில் CASCADE என்றும் ஒட்டினேன். சார்ந்து நிற்கிற எல்லாவற்றையும் சேர்த்துச் சாய் என்று அர்த்தம். சாய்த்துவிட்டது. ஃபாரின் சர்வரே அவன் பெயரில்தான் இருந்திருக்கிறது. மேப்பிங் போச்சு, லேப் ரிசல்ட்டை இங்கே காட்டுகிற டேபிள் எல்லாம் போச்சு. கமிட்டும் ஆகிவிட்டது, இனி திரும்பப் பெற வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வரையே துடைத்துவிட்டேன் என்று நம்பினேன்.

டிஸ்பாட்ச் பார்க்கும் செல்லையா ஓடி வந்தான். "அண்ணாச்சி, ரிசல்ட்டு ஒண்ணையும் காணும். லாரிக்காரன் ஆரன் அடிச்சே கொன்னுருவான் போல."

"செத்த நேரம் பொறுலே, நெட் ஸ்லோ."

லேப் பொறுப்பில் இருக்கும் ஜெயராணிக்குப் போன் போட்டேன்.

"ஜெயராணி, அங்க எல்லாரும் சௌக்கியமா?"

"ஏண்ணே, யாரும் தவறிட்டாகளா? கொரலே சரியில்லையே."

"அதெல்லாம் இல்ல. ஸ்கிரீன்ல ரிசல்ட் தெரியுதா?"

"எங்க தெரியுது? ஒரே கருப்பால்லா இருக்கு..."

மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் செண்பகத்தோப்பு போர்டைப் பார்த்ததும், அப்படியே யானை நடமாடும் மலையடிவாரம் போய் ஃபாரஸ்ட்காரர்களிடம் சரணடைந்துவிடலாமா என்று தோன்றியது. யானை மிதித்தால் ஒரு தடவையோடு முடியும். முதலாளி தினமும் மிதிப்பார்.

வியர்த்து ஊற்ற லேபுக்குள் நுழைந்தால், ஜெயராணி சாவகாசமாக ரிசல்ட் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஸ்கிரீன் முழுக்க எண்கள்.

"கருப்பா இருக்குன்னியே?"

"கரெண்டு போயிருந்துச்சு. சொல்லதுக்குள்ள நீங்கதான் வச்சிட்டிய. இதுக்கா இம்புட்டு தூரம் வாரிய?"

ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்த பிறகுதான் உறைத்தது. நான் சாய்த்தது ராஜபாளையத்திலிருந்து இங்கே வரும் வழியை மட்டும். சரி, வழியைத் திரும்பப் போடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். புது மேப்பிங்குக்கு இந்தப் பக்கத்து யூசரும் பாஸ்வேர்டும் வேண்டும்.

"நீங்கள்லாம் சர்வருக்குள்ள எந்தப் பேருல போறிய?"

"முருகேசன் அண்ணன் பேருலதான், எல்லாரும். அவுகதான் அப்படிச் சொல்லிட்டுப் போனாக." கீபோர்டைத் தூக்கிக் காட்டினாள். அடியில் செலோடேப் போட்டு பாஸ்வேர்டு ஒட்டியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அந்த லாகினை மூடினேன். ஆளுக்கொரு யூசர் போட்டேன். ஃபாரின் சர்வர், மேப்பிங், டேபிள் எல்லாவற்றையும் கம்பெனி பெயரில் மறுபடி உருவாக்கி, யார் யார் அதைத் தொடலாம் என்று அனுமதி கொடுத்தேன். செல்லையா போன் பண்ணினான்: "வந்துட்டு அண்ணாச்சி. லாரி போயிட்டு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் பக்கத்து மேப்பிங்கை அழிப்பது வழியை மறைப்பது மட்டும்தான். பூட்டு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும்.

நான் CASCADE போட்டதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றுமே அழியவில்லை. முருகேசனின் லாகின் உட்பட.