ஜோதி மறுபடி அச்சடித்த ஊர்

நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சாலையில் ஒரு ஸ்டிக்கர் கடை. ஜோதி அங்கேதான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். லாரியின் நெற்றிக்குப் புலி முகம், கதவுக்கு மயில், பின்பக்கத்துக்குச் சாமி பெயர். வயது நாற்பதை நெருங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. குறைப்பட்டதெல்லாம் அண்ணன் கதிர்வேலும் சொந்தபந்தமும்தான்.

அண்ணன் கோழிப்பண்ணைக்காரர். அவர் வீட்டு மாடி அறையில் ஜோதி ஒரு காகித ஊர் கட்டி வைத்திருந்தாள். இன்டர்நெட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்காகக் கட்டிடப் படங்கள் கிடைக்கும். கெட்டித்தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டினால் ஸ்டேஷன் எழுந்து நிற்கும். முதலில் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆனால் கிடைத்ததெல்லாம் பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகச் சரிந்த கூரைகள். நம் ஊரில் எங்கே பனி பெய்கிறது? தானே வரைய உட்கார்ந்தாள். வெயிலில் மாவு காய்கிற களத்தோடு ஜவ்வரிசி ஆலை வந்தது. கம்பி வலை அடித்த நீளமான கோழிக் கொட்டகை வந்தது. பாதி கட்டிய லாரி நிற்கிற பட்டறை வந்தது. நடுவில் தண்டவாளம், அதில் ஒரு ரயில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை என்று கடைக்குப் போய்விட்டு மதியம் வீடு திரும்பினாள். மாடி அறையில் ஊர் இல்லை. புது சோபா போட்டிருந்தது. கீழே ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியை இழந்தவர் ஒருவர், அவருடைய அக்கா, அக்காவின் வீட்டுக்காரர்.

ஜோதி புடவை மாற்றப் போகவில்லை. வியர்த்த முகத்தோடு நேராகக் கூடத்துக்கு வந்தாள்.

"எம்பட ஊரு எங்கீங்ணா?"

கதிர்வேல் எழுந்தார். "அப்புறம் பேசிக்கலாம் அம்முணி. பெரியவங்க வந்திருக்காங்க பாரு."

"எங்கீங்ணா?"

அண்ணன் மனைவி வசந்தாமணிதான் சொன்னாள். "பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பழைய முட்டை அட்டையோட போட்டு எரிச்சுட்டாங்க ஜோதி. ரயிலை மட்டும் நான் எடுத்து வெச்சிருக்கறேன்."

மாப்பிள்ளையாக வந்தவர் கெட்ட மனிதர் இல்லை. நிலைமையைச் சமாளிக்க நினைத்துச் சிரித்தார். "அட, பேப்பருதானுங்களே. இதுக்கா இவ்வளவு?"

"ஆமாங்க, பேப்பருதானுங்க. கல்யாணப் பத்திரிகையும் பேப்பருதானுங்க. அதை அடிக்க வேண்டாமுங்க."

வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். கதிர்வேல் கத்தினார். மானம் போச்சு என்றார், நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். ஜோதி துணிமணிகளை ஒரு பையிலும் கம்ப்யூட்டரை ஒரு பெட்டியிலும் வைத்தாள். வாசலில் வசந்தாமணி ரயிலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"போறேனுங்க நங்கை" என்றாள் ஜோதி அண்ணியிடம்.

"போறேன்னு சொல்லாத சாமி, வாரேன்னு சொல்லு."

"போறேனுங்க" என்றே மறுபடி சொல்லிவிட்டு நடந்தாள்.

கடை முதலாளி சௌந்திரம் மேலே இருந்த சரக்கு அறையைக் காலி செய்து கொடுத்தாள். ஒரு கட்டில் போட்டால் ஒரு மேசைக்கு மட்டும் இடம். பழைய ஊர் அந்த மேசையில் அடங்காது. நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்காக வரைந்த ஊர் அது. இனி நூற்றறுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தாள்: பழைய படத்தை நூற்றுக்கு ஐம்பத்து நாலாகச் சுருக்கி அடிக்க வேண்டும். ரயிலை, இன்டர்நெட்டில் பழக்கமான பெங்களூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, பதிலுக்குச் சின்ன ரயிலை வாங்கிக்கொண்டாள்.

சுருக்குவது சுலபம் என்றுதான் நினைத்தாள். முதல் தாளையே பிரின்டர் தன் இஷ்டத்துக்குப் பக்கம் நிறையப் பெருக்கிவிட்டது. சுவர் ஒரு அளவு, கூரை ஒரு அளவு. தாளுக்குத் தக்கபடி பொருத்துகிற அந்த வசதியை நிறுத்திவிட்டு மறுபடி அடித்தாள். அளவு சரியாக வந்தது. ஆனால் படம் சுருங்கியதே தவிர, தாளின் தடிமன் சுருங்குமா? முன்பு கத்தி போல மடிந்த மூலை இப்போது தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. ஒட்டுவதற்கு விட்ட ஓரம் நகக்கண் அளவுகூட இல்லை. ஆலைச் சுவரின் செங்கல் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூசியது போல ஆகிவிட்டன.

"உட்டுத் தொலையேன். கண்ணு போயிரும்" என்றாள் சௌந்திரம்.

"எரிச்சவங்க ஜெயிச்சுட்டாங்கன்னு ஆயிருமுங்க்கா."

ஒவ்வொரு கட்டிடத்தையும் திரும்ப வரைந்தாள். செங்கல் கோடுகளைக் குறைத்தாள், ஒட்டும் ஓரங்களை அகலமாக்கினாள். தாளை மெல்லிசாக மாற்றினாள். விரல் நுழையாத இடத்தில் பல்குத்தியால் பசை தொட்டு வைத்தாள். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரியாமல் கலர் பென்சிலால் தேய்த்தாள். ஆலை முதல் தடவை கோணிக்கொண்டது. கசக்கி எறிந்துவிட்டு அடுத்ததை அடித்தாள். அதுவும் கோணியது. அதற்கடுத்தது நின்றது. அன்று கையைக் கழுவாமலே அதன் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

ஊர் பாதிக்கு மேல் எழுந்தபின் ஒருநாள் கதிர்வேல் படியேறி வந்தார். மேசையை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஊட்டுக்கு வா அம்முணி. மாடியை உனக்கே உட்டர்றேன்."

"வேண்டாமுங்ணா. இங்கயே இருக்கறேன்."

"செரி, இரு. ஆனா இதைக் கீழ கடையில கிடையில வெச்சராத. நம்ம சனம் பூராவும் இந்த ரோட்லதான் போவுது. நாப்பது வயசுப் பொம்பளை பொம்மை வெச்சு வெளையாடறான்னு எங்கிட்டத்தான் கேப்பாங்க."

"கேட்டா என்ன சொல்லோணும்னு உங்களுக்குத் தெரியலீன்னா, எங்கிட்ட அனுப்பி வைங்க. நான் சொல்லிக்கறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கிப் போனார்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறைகள் எல்லாம் வாழைக் கன்று கட்டி, லாரிகளுக்கு மாலை போட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தன. ஜோதியும் சௌந்திரமும் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினார்கள். கடைக்குள்ளே அல்ல, நேராக வாசலில், ரோட்டைப் பார்த்து வைத்தார்கள். ஜோதி பொட்டு வைத்துப் பூப்போட்டு ரயிலை ஓட விட்டாள்.

டிரைவர்கள் கூடினார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிவந்த பெண்கள் கூடினார்கள். சொந்தக்காரர் ஒருவர் பைக்கை மெதுவாக்கி, பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஜோதி அவருக்கும் கும்பிடு போட்டாள்.

ஒரு டிரைவர் குனிந்து பட்டறையில் பாதி கட்டிய லாரியை உற்றுப் பார்த்தார். "அட, நம்ம ஊரப்பா! ஏனுங்க, இதை யாருங்க செஞ்சது?"

சௌந்திரம் வாயெடுப்பதற்குள் ஜோதி சொன்னாள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி:

"நாந்தானுங்க செஞ்சேன்."