மச்சான் ஆட வந்த மடக்கு மேஜை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மூட்டை தூக்கித்தான் தொடங்கினேன். ஒரத்தநாட்டுப் பக்கம் அரிசி ஆலை வைத்தேன்; பேங்கில் கைவிரித்தார்கள், வைத்தேன். களிமண்ணில் நெற்களம் போட்டால் வெடித்துவிடும் என்றார்கள். போட்டேன், இன்றைக்கும் அதில் லாரி ஏறுகிறது. மூன்று பிள்ளைகளைப் பட்டதாரியாக்கினேன். இத்தனையிலும் அசராத நான், ஒரு பழைய மடக்கு மேஜையைச் சரிபண்ணப்போய் மாட்டிக்கொண்டேன்.

மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஞாயிறு தவறாமல் ஊர் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடிய மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. சீட்டுப் பிடித்துப் பழகினால் விரலுக்கு அசைவு திரும்பும் என்றார் டாக்டர். “நாலு பேர் முன்னாடி சீட்டைக் கீழ போட்டுட்டு நிக்கவா?” என்று மன்றத்தையே விட்டார். வீட்டில் தரையில் உட்கார்ந்தால் இன்னொருவர் தூக்கிவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையோ வழவழப்பு; அவர் விரலுக்குச் சீட்டு எழும்பாது. மெத்தென்று துணி போட்ட மேஜை வேண்டும். “தீபாவளிக்கு வர்றேன் மாப்ள. ஒரே ஆட்டம். கை சரிப்படலேன்னா அப்புறம் எங்கிட்ட சீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது” என்றார்.

தஞ்சாவூரில் பழைய சாமான் கடையில் அந்த மேஜை கிடைத்தது. எட்டுப் பக்கம், நடுவில் மடியும், ஓரத்தில் டம்ளர் வைக்கக் குழி. போக்கர் ஆடுகிற மேஜையாம். துணியைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு காலில் மடங்காமல் பிடிக்கும் கொண்டி இல்லை. பழைய துணியைக் கிழித்து, பஞ்சு வைத்து, பச்சைத் துணியை இழுத்து ஒட்டினேன். கடைப் பசையா வாங்குவேன்? என் ஆலை அரிசியைக் குழையக் காய்ச்சிப் பூசினேன்.

“கடைப் பசை வாங்கினா என்னங்க, கௌரவம் போயிடுமா?” என்றாள் மனைவி.

“என் அரிசிக்கு ஒட்டாதது உண்டா?” என்றேன்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மடிப்பைப் பிரித்தால் புளிச்ச வாடை. துணி உப்பி, சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. உரித்து, சுரண்டி, பலகையை ஆலைக்குத் தூக்கிப்போய் நெல் உலர்த்தும் சூட்டில் காயவைத்து, கடைப் பசையிலேயே திரும்ப ஒட்டினேன். கொண்டிக்கு நேரமில்லை. மூட்டை தைக்கும் சணலால் அந்தக் காலை இறுக்கிக் கட்டினேன். என் கட்டு இதுவரை அவிழ்ந்ததில்லை.

மூட்டை சாக்கு, சணல் பிடிக்கும்; மேஜைக் காலோ வழுவழு இரும்புக்குழாய். அதை யோசிக்கவில்லை.

மச்சான் வந்தார். வலது முழங்கையை மேஜையில் ஊன்றி, பாரம் முழுக்க அதில் போட்டார். நாலாவது சீட்டு எடுக்கும்போது சணல் நழுவி, என் பக்கத்துக் கால் மடங்கியது. மேஜை ஒரு விரல் இறங்குவதற்குள் முழங்காலைக் கொடுத்துவிட்டேன். வாயைத் திறந்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் இனி உட்கார மாட்டார். அப்படியே தாங்கினேன். மூன்று தடவை சீட்டு அவர் கையிலிருந்து விழுந்தது. மூன்று தடவையும், பல்லைக் கடித்துக்கொண்டு, துணியில் அமுக்கி, நகத்தால் நெம்பி அவரே எடுத்தார். 

“என்னங்க இப்படி வேர்க்குது? எந்திரிச்சு ஃபேனைப் போடுங்க” என்றாள் மனைவி.

“நீயே போடேன்!” என்று கத்திவிட்டேன்.

மச்சான் சிரித்தார். “மூட்டை தூக்கினவருக்குப் பதிமூணு சீட்டு கனக்குது போல.” கடைசிச் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை முடித்தார். ஜெயித்துவிட்டார். கால் மரத்துப்போய் நான் உட்கார்ந்திருக்க, “இன்னொரு ஆட்டம் போடுங்க மாப்ள” என்றார். போட்டேன். மூன்று ஆட்டம்.

மறுநாளே கொண்டி மாட்டிவிட்டேன். இப்போது அவர் மன்றத்துக்குப் போகிறார். என் முழங்கால் விஷயத்தையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அங்கே, அன்று ஜெயித்ததற்குக் காரணம் டாக்டர் மாத்திரை, தன் வைராக்கியம், மாப்பிள்ளைக்கு ஆடத் தெரியாதது என்று மூன்றை மட்டும் சொல்லிச் சிரிக்கிறாராம். எனக்கு இன்றும் மாடிப்படி ஏறினால் முழங்கால் பிடிக்கிறது. தோற்றதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொல்கிறவர் முழுக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த மேஜைக்கு ஒரு கால் என் கால். வருகிற ஞாயிறு, மன்றத்தில், எல்லார் முன்னாலும், மச்சான் அதைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும்.