சிவப்பு விளக்கில் நின்ற கார்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். பெரும் பொருட்செலவில் உருவாகும் வீடியோ கேம்கள் வெறும் பகட்டு என்று மறுநாள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் முழங்க இருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்கவே நாமக்கல்லில் ஒரு கேம் சென்டருக்குள் நுழைந்தேன். எதிரணியில் பேச ஒருவரும் முன்வரவில்லை. வெற்றி எனக்கே என்றிருந்தேன்.

அங்கே ஒரு லாரி ஓட்டுநர் ஆடிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, இடக்கையைவிட வெயிலில் கறுத்த வலக்கை. காரைத் திருடிக்கொண்டு பறக்க வேண்டிய ஆட்டத்தில், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் காரை நிறுத்தினார்.

“அண்ணா, போலீஸ் தொரத்துதுங்க! இங்கயுமா சிக்னல்ல நிப்பீங்க?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“வரட்டுமுங்க. கை பழகிருச்சு.”

நான் என் வாதத்தை வீசினேன்: “கோடிகளைக் கொட்டியும் இதில் புதுமையே இல்லை என்று ஊரே பழிக்கிறதே?”

“திட்டறவங்க திட்டட்டுமுங்க. பதினஞ்சு நாளா லோடு ஓட்டிட்டு வாரேன். எங்க இருக்கற, எப்ப வருவன்னு போனு ஓயாது. இங்க கடலோரமா சும்மா ஓட்டறேன், ஒருத்தரும் கேக்கறதில்ல. அந்தக் கோடி ரூவாயில மழைய எப்படிப் பண்ணிருக்கான் பாருங்க சாமி!”

பார்த்தேன். கார்க் கண்ணாடியில் துளி துளியாக மழை வழிந்தது. ஆட்டத்தை என் கையில் கொடுத்தார். முதல் சாலைச் சந்திப்பிலேயே நான் சிவப்பு விளக்கைத் தாண்டினேன். “பிரேக்கு, பிரேக்கு!” என்று அலறியபடி அவர் தம் வலக்காலைத் தரையில் அழுத்தினார். மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது என் குறிப்பேடு வெறுமையாகவே இருந்தது.

வாசலில் நின்று, மேடைக்குரிய குரலிலேயே அவருக்கு உறுதியளித்தேன்: “ஆளில்லாத அந்த எதிரணியில் நாளை நான் நிற்பேன். இந்த மகிழ்ச்சிக்காக வெட்கமின்றி வாதாடுவேன்!”