வலது சக்கரத்துச் சூடு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். மோசஸுக்கு நடந்தது நடந்ததுதான். அவன் பொய்யே சொல்லாதவன் என்று சொல்ல வரவில்லை. ஒரு பொய்யைக் கட்டிச் சொல்லும் தெம்புகூட அப்போது அவனிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆம்பூரில் ரஷீத் அஹமது சாயபுவின் தோல் தொழிற்சாலையில் இன்ஜினையும் டைனமோவையும் ஓட்டுகிறவன் மோசஸ். அந்த ஐப்பசியில் அவன் மனைவி ரோஸ், பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பாதி வழிதான் போனாள். அன்றிலிருந்து மோசஸ் மரத்துப் போனான். சோறு சோறாக இல்லை, வெயில் வெயிலாக இல்லை. கூப்பிட்டால் வருவான், சொன்னால் செய்வான்.

1922 மாசியில், சாயபு ராணிப்பேட்டைத் துரை ஒருவரிடமிருந்து பழைய மின்சார மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி வந்தார். அவர் மகள் ஜஹீதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"உன் சம்சாரத்துக்கு ஆன மாதிரி என் பொண்ணுக்கு ஆவக்கூடாது, மோசஸ்."

மோசஸ் தலையாட்டினான்.

அந்த வண்டிக்குப் பெட்ரோல் வேண்டாம், சத்தமும் கிடையாது. டைனமோவில் வைத்துப் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றினால் வேலூர் வரை தாங்கும். பிரேக்கில் மட்டும் உள்தோல் தேய்ந்திருந்தது. மோசஸ் புதுத்தோல் வைத்தான். அன்று முதல் பின்பக்க வலது சக்கரம் கொதிக்க ஆரம்பித்தது. இடது பக்கம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். பிரேக் இப்படிப் பிடித்துக்கொண்டே ஓடினால் பாட்டரி பாதி வழியில் தீர்ந்துவிடும். பாதி வழி என்றால் என்ன என்று மோசஸுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் தன்னைத்தான் நொந்துகொண்டான். ஆம்பூர்க்காரனுக்கு எதற்கெடுத்தாலும் தோல்தான் மருந்து. செருப்பு தைக்கிறவர்கள் செய்வதுபோல, எருமைத் தோலை ஈரத்தோடு இழுத்து பிரேக் பட்டைக்குள் வைத்துவிட்டான். ஈரத்தோல் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் பிடிக்கும், பிடித்தால் சுடும், சுட்டால் இன்னும் சுருங்கும். தப்பு பிடிபட்டது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, காய்ந்த தோலாகப் பார்த்து, இடைவெளி விட்டு ஆணி அடித்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றினான். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தான். வண்டி நேற்று நிறுத்திய இடத்திலேயே நின்றது. சக்கரத்து இரும்பைத் தொட்டான்...

சுட்டது.

பிரேக் பெடல் பாதி கீழே இறங்கியிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினான். மறுநாளும் இறங்கியிருந்தது. வேறொருவனாக இருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பான். மோசஸுக்குப் பயப்படக்கூட மனசு வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள், மத்தியானம் மூன்றரை மணி. மருத்துவச்சி கெங்கம்மாள் சாயபு வீட்டிலிருந்து வெளியே ஓடி வந்தாள்.

"கொழந்தை குறுக்கால கெடக்குது. இனி என் கையில இல்ல. வேலூருக்குப் போயிடுங்க."

ரயில் இனி ராத்திரிக்குத்தான். திரை போட்ட பின்பெட்டிக்குள் ஜஹீதாவைப் படுக்க வைத்தார்கள். கெங்கம்மாளும் சாயபுவும் கூட ஏறிக்கொண்டார்கள். முன்னால் திறந்த இருக்கையில் மோசஸ் தனியாக உட்கார்ந்தான்.

"ஜல்தி, மோசஸ்!"

மாதனூர் தாண்டியதும் தோல் கருகும் வாடை வந்தது. வண்டி தளர்ந்தது. இறங்கிப் போய் இரும்பில் கை வைத்தான். உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது. வலிக்கவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றார் திரைக்குள்ளிருந்து சாயபு.

"ஒண்ணுமில்ல சாயபு. ரெண்டு நிமிஷம்."

பெடலிலிருந்து போகும் கம்பியைக் கழற்றினான். பிரேக் பட்டையையே உருவிக் காலடியில் போட்டான். வண்டியை நிறுத்தக் கைபிரேக் போதும். வலது சக்கரத்தைப் பிடிக்க இனி ஒன்றுமே இல்லை.

வண்டி பாய்ந்தது.

பள்ளிகொண்டா கோபுரம் தெரிந்தது...

கீ...ஈ...ச்...

இல்லாத பிரேக் பிடித்தது.

பாட்டரி முள் இறங்கியது. உள்ளே ஜஹீதா முனகிக்கொண்டே இருந்தாள். பிறகு முனகல் நின்றது. ரோஸுக்கும் இப்படித்தான் நின்றது.

மோசஸ் குனிந்து பார்த்தான். பெடல் அடிவரை அழுந்தியிருந்தது. அவன் கால் அதன் மேல் இல்லை.

பெடலைத் தொடக் கையைக் கீழே நீட்டினான்.

பெடல் தட்டுப்படவில்லை.

அதன் மேல்... ஒரு பாதம்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. கொதிக்கிற பாதம். மேலே தடவினான். கணுக்கால்...

அதற்கு மேல் எதுவும் இல்லை.

மோசஸ் அழுதான். ஐந்து மாதமாக வராத அழுகை.

"நீ யாரா வேணா இரு. உள்ள ஒரு பொண்ணு இருக்குது. காலை எடுப்பா..."

பாதம் அசையவில்லை.

பிரேக்கை மிதிக்கிறவனிடம் வேறென்ன சொல்வது?

"யாரும் குறுக்க வரல. ரோடு காலியா கீது. எடு."

மெல்ல...

பெடல் மேலே வந்தது.

"அஞ்சேகால் ஆச்சு மோசஸ், போய்ட முடியுமா?" என்றார் சாயபு, கடிகாரத்தைப் பார்த்து.

"போய்டலாம்."

போய்விட்டார்கள். ஜஹீதா பிழைத்தாள். பெண் குழந்தை, நன்றாகவே அழுதது.

ஆண்கள் வார்டில் நர்ஸ் ஜெயபுஷ்பம் மோசஸின் கைக்குக் கட்டுப் போட்டாள்.

"எதுல சுட்டுக்கின?"

"மோட்டார் பிரேக்குல."

அவள் கட்டின் நுனியைக் கிழித்து முடிச்சுப் போட்டாள்.

"இங்கயும் ஒரு மோட்டார் டிரைவர் இருந்தான், துரைசாமின்னு. ராணிப்பேட்டையில ஒரு துரைகிட்ட மின்சார வண்டி ஓட்டினவன். கொழந்தை ஒண்ணு குறுக்க ஓடிச்சாம். இவன் மிதிச்ச மிதியில வண்டி கவுந்து, வலது பாதம் நசுங்கிப் போச்சு. கணுக்காலோட எடுத்துட்டாங்க. அப்பறம் சீழ் வெச்சு, மூணு மாசமா இங்கதான் கெடந்தான்."

"அந்தக் கொழந்தை?"

"அதுக்கு ஒரு கீறல்கூட இல்ல. சொன்னா நம்ப மாட்டான். இல்லாத காலு எரியுதுன்னு ராப்பகலா கத்துவான். 'மிதிச்சுக்கினே இருக்கேன், எடுத்தா கொழந்தை செத்துடும்'பான்."

மோசஸ் கேட்க வாயெடுத்தான். அவளே சொன்னாள்.

"இன்னிக்கு அஞ்சேகாலுக்குப் போய்ட்டான். சாவும்போது சிரிச்சான். 'ரோடு காலியா கீதுன்னு யாரோ சொன்னாங்க சிஸ்டர்... காலை எடுத்துட்டேன்'னான்."