‘ஐட்டிஸ்’ சீட்டு

1936ஆம் வருடம். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருடமாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் சண்முகராஜா. ‘உடம்பு முடியவில்லை’ என்று சீட்டு எழுதினால் துரை கிழித்துப் போடுவார். இங்கிலீஷில் நோய்ப் பெயர் இருந்தால்தான் லீவு. அதற்காகவே ‘ஐட்டிஸ்’ என்று முடியும் பெயர்களை ஒரு கொப்பியில் சேர்த்து வைத்திருந்தார். பிராங்கைட்டிஸ் என்றால் மூச்சுக்குழாயில் வீக்கம், காஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பையில், ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டில். வால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வீங்குகிற இடம்தான் வேறு.

அன்றும் மழை. கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு நனைந்தபடி வந்து நின்றாள்.

“எங்க வலிக்குது?”

“ஒரு எடம்னு இல்லீங்க ஐயா. மொத்தமா முடியல.”

கொப்பியைப் புரட்டினார். முழு மனுஷிக்கு அதில் பெயரே இல்லை. வெள்ளைக்காரனுக்கு அலுப்பு என்பதே வராது போலிருக்கிறது! எரிச்சலோடு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதிக் கொடுத்தார்.

“மூணு நாள் லீவு. தொரை பாத்தா முழங்காலப் புடிச்சிக்கிட்டு நொண்டி நட.”

“சரிங்க.”

படியிறங்கும்போதே நொண்டினாள். அது நடிப்பாகத் தெரியவில்லை.