தோளில் கிடந்த துண்டு

வெர்னா வீடியோ கேம் கேசட்டை வாயருகே பிடித்து மூன்று முறை ஊதுவாள். எச்சில் பட்டால் துருப்பிடிக்கும் என்று ரிப்பேர்க்காரர் சொல்லி முப்பது வருஷமாகிறது. "நான் ஊதாம அது என்னைக்கு ஓடியிருக்கு?" என்பாள்.

அமெரிக்காவில், விஸ்கான்சினில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தாய்வழியில் எல்லாருக்கும் குண்டு விரல்; இவளுக்கும் அப்படித்தான். ஆனால் பட்டனைத் தொட்டால் அந்த விரல் எலி மாதிரி ஓடும்.

அந்தப் பழைய அமெரிக்க ஃபுட்பால் கேமில் பந்து வைத்திருப்பவர் இடது பக்க ஓட்டம், வலது பக்க ஓட்டம் என்று நாலு வகை ஆட்டத்தில் ஒன்றைத் தேர்ந்து அதன் பட்டனை அழுத்த வேண்டும். எதிராளியும் அதையே அழுத்திவிட்டால், எதிராளியின் பொம்மைகளெல்லாம் பந்துக்காரன் மேலே விழுந்து அமுக்கிவிடும். அதனால் ஆடுகிற எல்லாரும் விரலைத் தொப்பிக்குள் ஒளிப்பார்கள். வெர்னாவுக்குப் பாத்திரம் துடைக்கிற துண்டு. "விரலைப் பாத்தான்னா பந்து போச்சு."

பிப்ரவரியில் மதுக்கடையில் நடக்கும் இந்த கேம் போட்டிக்கு அண்ணன் ஹார்லனும் அவளும் பத்தொன்பது வருஷம் சேர்ந்தே போனார்கள். இலையுதிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும், உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஓவனில் சுட்ட பதார்த்தத்தோடு அவர் வீட்டுக்கு வந்து அவரோடு ஆடுவாள். துண்டு மட்டும் தோளிலேயே கிடக்கும். விரல் வெட்டவெளியில். அண்ணன் ஜெயிப்பார், இவள் "அடப்பாவி!" என்று கத்துவாள்.

போன ஞாயிறு, போட்டிக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள். ஹார்லன் ஆட்டத்தை நிறுத்தினார்.

"ஏ வெர்னா, துண்டு எங்க?"

"தோள்ல இருக்கு, அண்ணே."

"மூணு மாசமா அங்கயேதான் இருக்கு. எனக்குக் கைதான் இழுத்துக்கிச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு. இப்படி ஜெயிச்சுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பேர் குடுக்கறது?"

"அங்க போய் தோத்தா உன் மனசு..."

"தோத்தா தோக்கறேன், போ. நீ பிச்சை போடாத. இப்ப நான் சன்னலப் பாத்துக்கறேன். அழுத்து."

வெளியே பனியைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தார். அவள் அழுத்தினாள். அவருடைய கட்டைவிரல் நடுங்கி, வழுக்கி, ஒரு பட்டனில் போய் நின்றது. மறு நொடி திரையில் அவள் ஆள்மேல் அத்தனை பொம்மைகளும் விழுந்தன.

"இடது பக்க ஓட்டம்!" ஹார்லன் மேஜையைத் தட்டினார். "அவசரம்னா எப்பவும் இடது பக்கந்தான் ஓடுவ. எட்டு வயசுலேர்ந்து பாக்கறேன்டி!"

வெர்னா தோளிலிருந்த துண்டை உருவி, கையை மணிக்கட்டுவரை இறுக்க மூடிக்கொண்டாள்.